சீல் உடைக்காத இரண்டு பாட்டில்

எங்கள் பூனை வெள்ளச்சி இறந்துபோன மறுநாளே அவளுடைய சாமான்களை எடுத்து வைத்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், அவள் படுக்கிற பச்சைத் துண்டு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிளாஸ்டிக் கூடை எல்லாம் பரண்மேல் ஏறிவிட்டன. இரண்டு டிரிப்ஸ் பாட்டில்கள் மட்டும் சமையலறை அலமாரியில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் நின்றுவிட்டன. 500 மில்லி ரிங்கர் லாக்டேட், சீல் உடைக்காதது. மொத்தம் ஆறு வாங்கியிருந்தேன். ஒரு பாட்டில் ஐந்து நாளைக்கு வரும். நாலு பாட்டில் அவள் உடம்பில் ஏறியது, ஐந்தாவதைத் திறக்கும் வேலையே வரவில்லை. மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். யாருக்காவது உதவும் என்று கால்நடை மருத்துவரிடம் கொடுத்திருக்கலாம். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அலமாரியைத் துடைக்கும்போது இரண்டையும் எடுத்துத் தூசி தட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது வீட்டில் இரண்டு குட்டிகள் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "வெள்ளச்சி இடத்துக்கு ரெண்டு வந்துட்டுதா, நல்லதாப் போச்சு." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் அந்த 'இடம்' என்ற சொல் எனக்கு ஐந்து மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவள் இடம் என்பது எது? சன்னல் திண்டா, அடுப்படி மூலையா? அங்கெல்லாம் குட்டிகள் படுக்கின்றன, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உறுத்துவது வேறு ஒன்று. அதைச் சொல்ல வேண்டுமானால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தண்ணீர்

போன வருடம் ஐப்பசியில் திருப்பூரில் இருக்கிற அக்காவிடம் போனில் பேசும்போது பெருமையாகச் சொன்னேன்: "வெள்ளச்சிக்கு வயசு பதிமூணு ஆச்சு. ஆனா பாரு, இந்தக் குளிர்லயும் நல்லாத் தண்ணி குடிக்கிறா." அதுவரை கிண்ணத்தை மோந்துவிட்டுப் போகிறவள், நாளுக்கு இரண்டு முறை நிரப்பும்படி குடித்தாள். குழாயடியில் போய் உட்கார்ந்து, திறந்துவிடச் சொல்லிக் கத்துவாள். நான் திறந்துவிட்டு, அவள் நாக்கை நீட்டி நக்குவதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பூனை அப்படிக் குடிக்காது. வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவின், வட ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். இரையில் இருக்கிற ஈரத்திலேயே பெரும்பாலும் காலம் தள்ளி, சிறுநீரைக் கெட்டியாக்கி, தண்ணீரை உடம்புக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் உடல்வாகு அவற்றுக்கு. அந்தப் பிடித்து வைக்கிற வேலையைச் செய்வது சிறுநீரகம். அது தளர்ந்தால் தண்ணீர் நிற்காமல் போகும், போகிற அளவுக்கு உள்ளே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வயதான பூனை திடீரென்று நிறையக் குடித்தால் மகிழக் கூடாது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் இந்த அறிகுறியே வெளியே தெரிய ஆரம்பிக்கும் என்று மருத்துவர் பிற்பாடு சொன்னார். அப்படியானால் நான் பெருமைப்பட்ட அன்றே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. சீக்கிரம் கண்டிருந்தால் நோய் தீர்ந்திருக்காது. ஆனால் சாப்பாட்டை மாற்றி, மாத்திரை கொடுத்து, நல்லபடியாக இன்னும் கொஞ்ச காலம் வைத்திருக்கலாம்.

மார்கழி பிறந்தபோது முடி திரித்திரியாகிவிட்டது. மரப்பெட்டிமேல் ஏறுவதை நிறுத்தினாள். நாங்கள் குளிர் என்று நினைத்தோம். வாயில் ஒரு வாடை வந்த பிறகுதான் கூடையில் வைத்துக் கீழே இறங்கினோம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோயம்புத்தூர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கம்பிக் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 6.2 என்று வந்தது. 4.2 கிலோ இருந்த பூனை 2.9 ஆகியிருந்தது. அன்றைக்கு அந்த மருத்துவர் எனக்கு ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்: தோலுக்கடியில் டிரிப்ஸ் ஏற்றுவது.

இதை முதல் தடவை செய்கிறவர்களுக்குக் கை நடுங்கும். பாட்டிலை முதலில் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் அப்படியே ஏற்றினால் பூனை துள்ளி எழுந்துவிடும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, அந்தக் கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழைக்க வேண்டும். மறுபக்கம் வந்துவிடக் கூடாது. தண்ணீர் இறங்க இறங்க, முதுகில் ஒரு திமில் மாதிரி உப்பும். அது மெல்ல ஒரு கால் பக்கமாக இறங்கி, சில மணி நேரத்தில் உடம்புக்குள் போய்விடும். முதல் நாள் மூன்று தடவை தப்பாகக் குத்தினேன். முனகினாள், ஆனால் கடிக்கவில்லை. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. இருபது நாள், நாளுக்கு நூறு மில்லி. ஒரு நோட்டில் தேதி, எடை, எவ்வளவு ஏற்றினேன், என்ன சாப்பிட்டாள் என்று எழுதி வந்தேன். கடைசி வரி 'ஜனவரி 17, 2.3 கிலோ, ஒன்றும் சாப்பிடவில்லை.' மறுநாள் விடியற்காலை என் மடியிலேயே போய்விட்டாள்.

பேரிக்காய் மரத்தடியில் அம்மாதான் குழி வெட்டினாள். காட்டுப்பன்றி கிளறிவிடும் என்று இடுப்பளவு ஆழம் வெட்டி, மேலே கல் அடுக்கினாள். கைகழுவிக்கொண்டே, "இனிமே இந்த வீட்டுக்கு எதுவும் வேணாம் புள்ள. இன்னொரு குழி என்னால வெட்ட முடியாது" என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். என் காரணம் வேறு. ஒரு பூனையின் தாகத்தைக்கூடப் படிக்கத் தெரியாதவளிடம் இன்னொரு உயிர் எதற்கு வர வேண்டும்?

கவாத்துக் காட்டில்

சித்திரையில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற தேயிலைக் காட்டில் கவாத்து நடந்தது. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். பச்சை மெத்தையாக இருந்த காடு ஒரே நாளில் வெறும் கட்டையாகிவிடும். அதுவரை செடிக்கடியில் ஒளிந்து வாழ்ந்த முயல், கீரி, பாம்பு எல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிடும். காலை பதினொரு மணிக்கு, வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி மேட்டிலிருந்து கூப்பிட்டாள். "டீச்சர், இங்க ரெண்டு பூனைக்குட்டி கெடக்கு, வந்து எடுத்துக்கங்க."

உடனே எடுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல பேர் இங்கேதான் தப்புச் செய்கிறோம். குட்டி தனியாகக் கிடந்தால் தாய் விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இரை தேடப் போயிருக்கும், அல்லது ஆள் சத்தத்துக்குப் பயந்து எங்காவது பதுங்கியிருக்கும். நாம் தூக்கி வந்துவிட்டால், அது திரும்பி வந்து தேடித் தேடிக் கத்தும். அதனால் வெட்டுகிறவர்களிடம் சொல்லி, அந்த வரிசையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னோம். குட்டிகளைச் சுற்றி அம்மா கோதுமை மாவைக் கோலம் போடுகிற மாதிரி வட்டமாகத் தூவினாள். தாய் வந்து போனால் கால்தடம் விழும். நாங்கள் மேட்டில் பாறைமேல் போய் உட்கார்ந்தோம்.

மணி மூன்றானது, நாலானது. மாவு கலையவில்லை. கண் நீலமாக இருந்தது. காது அப்போதுதான் நிமிர்ந்திருந்தது. நாலு வாரம் இருக்கும். அப்போதுதான் அம்மா, நான் கேட்காமலேயே, ஒன்று சொன்னாள். இலங்கையிலிருந்து வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்தால் அவர்கள் குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதி, பத்து வருடம் கழித்து முறை வந்தது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுத்தான் இந்த மலைக்கு வந்தார்கள். லயத்தில் அவளுக்கு ஒரு பூனை இருந்ததாம். கிளம்பின அன்று அடுத்த காம்பராக்காரர்களிடம் சோறு வைக்கச் சொல்லிவிட்டு வந்தாளாம். "வச்சாங்களோ என்னமோ" என்றாள். அவ்வளவுதான். பெயர் என்ன என்று கேட்டேன். பதில் வரவில்லை, குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்திருக்கிறேன், இதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஆறரைக்கு வெளிச்சம் மங்கியது. அந்தத் தடத்தில் சிறுத்தை நடப்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். அதற்குமேல் காத்திருக்க முடியாது. அம்மாதான் இறங்கிப் போய் எடுத்தாள். சின்னது அவள் கட்டைவிரலைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எங்கிருந்து வந்த குட்டி என்று தெரியாது. வெறிநாய்க்கடி நோய்க்காகவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கின மாவட்டத்தில் இருந்துகொண்டு, குட்டிதானே என்று விட்டுவிடக் கூடாது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை ஊசி. அம்மா முணுமுணுக்காமல் போய்வந்தாள்.

"ஒரு மாசம். தேறினதும் யாருக்காவது குடுத்துரு. பேர் வைக்காத" என்றாள். அதனால் அவை பெருசு, சிறுசு என்றே ஆயின. பெருசு செவலை. சிறுசு கறுப்பும் செம்மையும் கலந்தது, அந்த நிறத்தில் பிறப்பது ஏறக்குறைய எல்லாமே பெண்தான். பரணிலிருந்து கூடை இறங்கியது, பச்சைத் துண்டு இறங்கியது, தட்டும் கிண்ணமும் இறங்கின. புதிதாக எதையும் வாங்க எனக்கு மனம் வரவில்லை, ஒரு மாதத்துக்குத்தானே. எடை எழுத நோட்டைத் திறந்தேன். ஜனவரி 17-க்கு அடுத்த பக்கத்தில் எழுதினேன்: பெருசு 410 கிராம், சிறுசு 350.

இன்னொன்றும் செய்தேன். வாசல் ஓரத்து லில்லிச் செடிகளைக் கிழங்கோடு தோண்டி எடுத்தேன். நீலகிரியின் பெயரைத் தாங்கிய லில்லியே இருக்கிற மலை இது. இங்கே லில்லி வைக்காத வீடு குறைவு. பூனைக்கு அது விஷம். இலை, பூ, மகரந்தம், குவளையில் நின்ற தண்ணீர்கூடச் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் அழித்துவிடும். வெள்ளச்சிக்கு வந்தது அதனால் இல்லை, அது வயதின் நோய் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் பதிமூன்று வருடம் அவள் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் நடந்தாள், எனக்குத் தெரியவே தெரியாது. இந்தக் குட்டிகள் வந்த மூன்றாம் நாள் வாசலில் ஒரு செடி இல்லை. இங்கிருந்துதான் அந்த உறுத்தல் ஆரம்பித்தது.

மழை பெய்த இரவு

மே மாதம், நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடந்த வார இறுதி. ஊர் முழுக்க வண்டி. அடுத்த வீட்டுப் பிள்ளை ஆசையாகக் கிண்ணம் நிறையப் பசும்பால் கொண்டுவந்து வைத்திருக்கிறான், நான் பள்ளியில் இருந்தேன். பூனைக் குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு போகும். பெருசு தாங்கிக்கொண்டது. சிறுசுக்குச் சனிக்கிழமை காலையிலிருந்து நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை 480 கிராம் இருந்தது, சனி மாலை 430. நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டிய வயதில் ஐம்பது இறங்கியிருந்தது. எட்டு மணிக்கு மழை பிடித்துக் கரண்டும் போனது. குட்டி துண்டுமேல் பக்கவாட்டில் படுத்துவிட்டது. தொட்டால் ஜில்லென்று இருந்தது.

மருத்துவருக்குப் போன் போட்டேன். எடுத்தார், அதற்கு அவருக்கு என்றைக்கும் நன்றி. ஈறு என்ன நிறம் என்று கேட்டார். வெளுத்திருந்தது. தோலைத் தூக்கிவிட்டால் உடனே படிகிறதா என்று கேட்டார். தூக்கின மடிப்பு அப்படியே நின்றது. இந்த மழையில், இந்த நெரிசலில் குட்டியை வைத்துக்கொண்டு மலை இறங்க வேண்டாம் என்றார். முதலில் சூடு, அதுவரை வாயில் சாப்பாடு எதுவும் கூடாது, சில்லிட்ட குட்டிக்குச் செரிக்காது என்றார். சர்க்கரைத் தண்ணீரை ஈறில் தடவச் சொன்னார். பிறகு, "வீட்டுல டிரிப்ஸ் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

நான் பேசவில்லை. அவர் லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றார். ரிங்கர் லாக்டேட் இருக்கிறது, சீல் உடைக்காதது என்றேன். "நல்லதாப் போச்சு, குளுக்கோஸ் பாட்டில்னா தோலுக்கடியில் ஏத்தக் கூடாது. காலாவதி தேதி பாத்துட்டு, சிரிஞ்சில எடுத்து, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து போடுங்க. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றார்.

அம்மா அதற்குள் மெழுகுவர்த்தியோடு வந்து அலமாரியைத் திறந்துவிட்டாள். ஊறுகாய் ஜாடியை நகர்த்திப் பாட்டிலை எடுத்து அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினாள், எத்தனையோ இரவு பார்த்த வேலை அவளுக்கு. சூடானதும் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. "இது வெள்ளச்சிக்கு வாங்கினதும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அம்மா, "ஆமா, அவளுதுதான். ஒடை" என்றாள்.

உடைத்தேன். குட்டியின் தோல் வெள்ளச்சியின் தோல் மாதிரி இல்லை, நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. அம்மா அதைத் துண்டோடு மார்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். தோள்பட்டை நடுவில் கூடாரம் தூக்கினேன். ஒரே குத்து. கை நடுங்கவில்லை. அது நடுங்காததுதான் என்னை அழவைத்தது. அந்தக் கை பழகியது யார் முதுகில்? மூன்று தடவை தப்பாகக் குத்தி, அவள் முனகி, அப்புறம் சரியானது இது. பத்து மில்லியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மேடு எழும்பியது. இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் போட்டேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்து, நாங்கள் இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். பெருசு வந்து அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. ஒரு மணிக்கு அந்த மேடு கரைந்திருந்தது. மூன்றரைக்குச் சிறுசு தலையைத் தூக்கி அம்மாவின் சேலை நுனியைச் சப்ப ஆரம்பித்தது. திங்கட்கிழமை பார்த்தபோது வட்டப்புழுவும் நிறைய இருந்தது தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்தோம்.

என்னை உறுத்துவது இதுதான். இந்தக் குட்டிகள் வெள்ளச்சியின் இடத்தில் இல்லை, வெள்ளச்சியின் செலவில் இருக்கின்றன. எடை எழுத வேண்டும், லில்லி கூடாது, தண்ணீரை அளந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அவள் உடம்பில். கிண்ணத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், காலையில் எவ்வளவு இறங்கியது என்று குறிக்கிறேன். அவளுக்கு அந்தக் கோடு போடவில்லையே. இறந்தவர்களுக்குப் பட்ட கடனை இருக்கிறவர்களுக்கு அடைத்தால் சரியாகிவிடும் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளச்சிக்குக் கொடுக்க வேண்டியது வெள்ளச்சிக்குத்தான். அது பாக்கியாகவே இருக்கிறது. இன்னொரு பாட்டிலும் ஜாடிக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு, குட்டிகளைத் தூக்கும்போது முன்பு வந்த தயக்கம் வரவில்லை. அவளிடம் எடுத்ததை மறைத்துவைத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது போய், அவளுக்குத் தெரிந்தே கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரு மாதக் கணக்கை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. குன்னூரிலிருந்து ஒரு குடும்பம் நல்லபடியாகக் கேட்டது, அதுவும் சிறுசை மட்டும். அம்மா வாசலுக்கே வந்து, "நாலு ஊசி போட்டுக்கிட்டவ நானு. அத எப்படிக் குடுப்பேன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எட்டாம் வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வார இடைவெளியில் அடுத்தடுத்தவை, அப்புறம் வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் வெள்ளச்சியின் கூடையில் இரண்டும் ஒன்றாகத்தான் வளைவுகளில் இறங்கி ஏறின.

இப்போது ஆறு மாதம் ஆகப் போகிறது. கருத்தடை ஆபரேஷனை ஐப்பசி மழை பிடித்துச் சாலையில் மண் சரிவதற்குள் முடித்துவிட வேண்டும், வியாழக்கிழமை தேதி வாங்கியிருக்கிறேன். நேற்று ஒத்திகைக்காகக் கூடையைத் திறந்து வைத்தேன். பெருசு மட்டுமே நிறைந்துவிட்டது, சிறுசின் பாதி உடம்பு வெளியே. மாலையில் கடைக்குப் போய் நீலக் கலரில் ஒரு புதுக் கூடை வாங்கி வந்தேன். இந்த வீட்டில் இவற்றுக்கென்று வாங்கின முதல் சாமான் அது. உள்ளே புதுத் துண்டு விரித்து, அம்மா சிறுசைத் தூக்கி அதில் வைத்தாள். மோந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய், பழைய கூடையில் பெருசின் மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. இரவு மூன்று தடவை மாற்றி வைத்துப் பார்த்தோம். புதுக் கூடை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் இரண்டில் ஒன்று அதில் ஏறியாக வேண்டும்.